மூச்சு வாத்தியாரின் மார்பளவு

என் வீட்டுக்காரருக்கு எங்கள் குடியிருப்பில் மூச்சு வாத்தியார் என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவர் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். என்னைக் கேட்டால் சர்க்கரை டப்பாவையே அந்த வாயில் திணித்திருப்பேன். எட்டாம் வகுப்பைத் தாண்டாத மனிதருக்கு வாத்தியார் பட்டம் கிடைத்தால் தலை நிற்குமா? நிற்கவில்லை.

விடியற்காலை ஐந்து மணிக்கு மொட்டை மாடிக்குப் போவார். ஒரு மூக்கை அடைத்து மறு மூக்கால் இழுப்பார். பிறகு இந்த மூக்கை அடைத்து அந்த மூக்கால் விடுவார். குக்கர் கெட்டுப்போனால் வருகிற சத்தம் வரும். கீழ்வீட்டுக் கைக்குழந்தை அந்தச் சத்தத்தில்தான் தினமும் விழித்து அழும். குழந்தையின் அம்மா என்னிடம் வந்து, "அக்கா, அண்ணன்கிட்ட கொஞ்சம் மெதுவா மூச்சு விடச் சொல்லுங்களேன்" என்றாள். சொன்னேன். "குழந்தையையும் தூக்கிட்டு வரச்சொல்லு, இப்பவே பழகினா நுரையீரல் இரும்பாயிடும்" என்றார்.

மூக்கு முடிந்ததும் பலூன். ஒரு நாளைக்கு இருபது. ஊதி, முடிச்சுப் போட்டு, வீட்டுக்குள் விடுவார். நான் முன்னறையில் தையல் மெஷின் வைத்திருப்பவள். ஜாக்கெட்டுக்கு அளவு கொடுக்க வரும் பெண்கள் பலூன்களைக் காலால் தள்ளிக்கொண்டு உள்ளே வருவார்கள். ஒருநாள் ஒரு பலூன் ஊசிக்கு அடியில் போய் வெடித்து, ஒரு கல்யாணப் பெண் பயந்துபோய் நாற்காலியோடு சாய்ந்தாள். "யார் வீட்டுல பிறந்தநாள்?" என்று கேட்டாள் எழுந்த பிறகு. யார் பிறந்தநாளும் இல்லை, என் தலையெழுத்து என்றேன்.

பலூனுக்குப் பிறகு இஞ்சிச் சாறு. அதற்குப் பிறகு தேனில் குழைத்த மிளகு. இரவானால் போர்வைக்குள் தலையை விட்டு ஆவி பிடிப்பது. சாதம் வடிக்க வைத்திருந்த நல்ல பெரிய பாத்திரம் அந்த ஆவிக்கே போயிற்று. நுரையீரலை இயற்கையாகச் சுத்தம் செய்வதற்கு இவருக்குத் தெரிந்த வழிகளை எழுதினால் ஒரு நோட்டு போதாது. மாடிப்படியில் யார் இருமினாலும் கதவைத் திறந்துகொண்டு ஓடுவார். வாடகை கேட்க வந்த வீட்டு உரிமையாளரையே சப்பணம் போட்டு உட்கார வைத்து மூச்சு இழுக்க விட்டவர்.

ஒரு புண்ணியத்தை மட்டும் நான் மறைக்க மாட்டேன். தரைத் தளத்தில் இருக்கும் எலக்ட்ரீஷியனைச் சிகரெட்டிலிருந்து மீட்டது இவர்தான். மூன்று மாதம் அவர் பின்னாலேயே நடந்து, உதட்டிலிருந்து பிடுங்கிப் பிடுங்கிச் சாக்கடையில் போட்டார். "உன் நெஞ்சு என்ன புகைக்கூண்டா?" என்று கேட்டுக் கேட்டே அந்த மனிதருக்குச் சிகரெட் மேல் வெறுப்பு வந்துவிட்டது.

இவ்வளவு சுத்தம் பேசுகிற மனிதர் பகலில் என்ன வேலை பார்த்தார் என்று நீங்கள் கேட்க வேண்டும். கல் அறுக்கும் வேலை.

சமையல்மேடைக்குப் போடுகிறார்களே, பளபளவென்று, அந்தக் கல். பெரிய பலகைகளாக வரும். அதை அளவுக்கு அறுத்து, தொட்டிக்கு ஓட்டை போட்டு, விளிம்பை உருட்டி, முகம் தெரிகிற மாதிரி தேய்த்துக் கொடுக்க வேண்டும். தகரக் கூரை போட்ட பட்டறை. நான்கு மெஷின், பதினோரு ஆள். நான் சாப்பாடு கொண்டுபோன நாட்களில் வாசலில் நின்றால் உள்ளே யார் யார் என்று தெரியாது. எல்லாரும் ஒரே நிறமாக இருப்பார்கள், இமை முடிகூட வெளுத்திருக்கும். டீ கொண்டு வருபவர் கிளாஸ்களைத் தட்டு போட்டு மூடி எடுத்து வருவார். மூடியைத் திறந்து வாய்க்குப் போவதற்குள் டீயின் மேல் ஏடு படியும். அது பால் ஏடு இல்லை. சாயங்காலம் வேலை முடிந்ததும் கம்ப்ரெசர் குழாயை எடுத்து ஒருவர்மேல் ஒருவர் காற்றடித்துத் தூசு தட்டிக்கொள்வார்கள். உடம்பில் இருந்ததெல்லாம் கிளம்பி மூக்குக்குப் போகும். "குளிச்ச மாதிரி இருக்கு" என்பார் என் வீட்டுக்காரர்.

அந்த மெஷின்களில் பிளேடுக்கு மேலே ஒரு சின்னக் குழாய் உண்டு. திறந்தால் பிளேடின்மேல் தண்ணீர் ஒழுகும். தூசு பறக்காது, சேறாகக் கீழே வழிந்துவிடும். மெஷின் செய்தவன் முட்டாள் இல்லை, அதற்காகத்தான் வைத்தான். என் வீட்டுக்காரர் பதினாறு வருஷமாக அந்தக் குழாயை மூடியே வைத்திருந்தார்.

ஏன் மூடினார் தெரியுமா? நுரையீரலைக் காப்பாற்ற.

சிரிக்காதீர்கள். அவர் அதைச் சொல்கிற அழகைக் கேட்டால் நீங்களும் தலையாட்டுவீர்கள். "தண்ணி தெறிச்சு நெஞ்சு நனையுது. ஈரம் உள்ள இறங்குது. இறங்கினா சளி கட்டும். சளி கட்டினா நுரையீரல் போச்சு. தூசு என்ன பெரிய தூசு? ராத்திரி ஆவி புடிச்சு, காலைல இஞ்சி குடிச்சா தானா வெளிய வந்துடும்." வாயை மூடிக்கொள்ள முகமூடி கொடுத்தால் அதற்கும் பதில் உண்டு. "விட்ட மூச்சையே திரும்ப இழுக்கறதுக்கு எனக்கென்ன பைத்தியமா?"

கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பாருக்கு மதி எங்கே போயிற்று? போய்விட்டது. பட்டறையில் ஏழு பேர் இவர் பேச்சைக் கேட்டு மற்ற மூன்று மெஷின்களின் குழாயையும் மூடினார்கள். முதலாளிக்கும் சந்தோஷம், தரையில் சேறு இல்லை, கழுவ ஆள் வேண்டாம். தண்ணீர் இல்லாமல் ஓடுகிற பிளேடாகப் பார்த்து வாங்கிக் கொடுத்தார். மூடின குழாய் துருப்பிடித்து அப்படியே இருந்தது.

அந்த ஏழு பேரில் ஒருவன் என் தம்பி. அம்மா போனபோது அவனுக்குப் பதின்மூன்று வயது. எனக்குக் கல்யாணமாகி ஒரு மாதம். என் புடவைப் பெட்டியோடு அவனும் இந்த வீட்டுக்கு வந்தான். எங்களுக்குக் குழந்தை இல்லை, இவன்தான் பிள்ளை. இப்போது அவனுக்கே இரண்டு பிள்ளைகள், இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். பட்டறையில் மாமாவின் பக்கத்து மெஷின் அவனுடையது. மாமா தும்மினால் இவனுக்கு மூக்கு அரிக்கும். அவ்வளவு பக்தி.

தண்ணீரை மூட வேண்டும் என்ற ஞானத்தை இவருக்குக் கொடுத்த குரு யார் என்று கேட்பீர்கள். சொல்கிறேன். இப்போது எனக்கு வாய் வரவில்லை.

மார்பளவு கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கல்யாணமான புதிதில் என் தையல் டேப்பை எடுத்துக் கொடுத்து, "அளந்து பாரு" என்று சட்டையைக் கழற்றி நின்றார். மூச்சை முழுசாக விட்டபோது முப்பத்தாறு. இழுத்துப் பிடித்தபோது முப்பத்தெட்டரை. இரண்டரை இஞ்ச் விரிந்தது. எத்தனையோ பேருக்கு அளவெடுத்த கை இது, அப்படி ஒரு நெஞ்சு விரிந்து நான் பார்த்ததில்லை. வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அன்றிலிருந்து மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அளவெடுப்பது வழக்கமாயிற்று. "ரெண்டரை" என்று நான் சொல்ல வேண்டும். அவர் அதைக் கேட்டுவிட்டுப் போய் எலக்ட்ரீஷியனிடம் சொல்ல வேண்டும்.

நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை டேப் ஒன்றரையில் நின்றது. சொன்னேன். அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் முப்பது பலூன் ஊதினார். முப்பதாவதில் கண் இருண்டு மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைத் துணி காயப்போடப் போன நான் பார்த்தேன். அடுத்த மாதம் மூச்சை விடும்போது டேப்பை இறுக்கிப் பிடித்தேன். இழுக்கும்போது விரலை லேசாக நழுவ விட்டேன். "ரெண்டரை" என்றேன். முகம் மலர்ந்துவிட்டது. தையல்காரிக்கு இது ஒரு பெரிய வித்தையா? இடுப்பு பெருத்த எத்தனை பேரைச் சந்தோஷமாக அனுப்பியிருக்கிறேன். ஆனால் அது ஜாக்கெட், பிரித்துத் தைக்கலாம்.

படிக்கட்டு என்னைப்போல் பொய் சொல்லவில்லை. எங்கள் வீடு நாலாவது மாடி. ஒரு காலத்தில் கேஸ் சிலிண்டரைத் தோளில் வைத்து விசிலடித்துக்கொண்டே ஏறின மனிதர். பிறகு மூன்றாவது மாடியில் ஒரு நிமிஷம் நின்றார். பிறகு இரண்டாவதிலேயே நிற்க ஆரம்பித்தார். யாராவது வந்தால் சட்டென்று குனிந்து செருப்புக் கயிறு கட்டுவதுபோல் பாவனை. ரப்பர் செருப்புக்கு ஏது கயிறு? நான் மேலே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டேன்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பொழைப்பில், இந்த வருஷம் பெரிய கட்டடங்கள் கட்டும் ஒரு கம்பெனி பட்டறையில் கல் எடுக்க வந்தது. ஆட்கள் எல்லாருக்கும் நெஞ்சுப் படமும் மூச்சுச் சோதனையும் செய்த காகிதம் இருந்தால்தான் எடுப்போம் என்றது. முதலாளிக்கு வேறு வழியில்லை. பதினோரு பேரையும் மருத்துவமனைக்கு அனுப்பினார். என் வீட்டுக்காரருக்குத் திருவிழாவுக்குப் போகிற குஷி. "நீயும் வா. மெஷின் உடையற மாதிரி ஊதிக் காட்டறேன் பாரு" என்றார். இருக்கிற தையலைப் போட்டுவிட்டு நானும் போனேன்.

வரிசையில் நிற்கும்போதே பாடம் ஆரம்பித்துவிட்டது. "வயித்துலேருந்து இழுக்கணும். தோளைத் தூக்கக் கூடாது. கண்ணை மூடிக்க." ஆறேழு பேர் அங்கேயே இழுத்து இழுத்துப் பழகினார்கள். நர்ஸ் ஒருத்தி எட்டிப் பார்த்து, யாருக்காவது மூச்சுத் திணறலா என்று கேட்டுவிட்டுப் போனாள்.

என் தம்பி முதலில் போனான். மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் ஒரு குழாயைக் கொடுத்து, சோதனை செய்யும் அம்மா, "ஊதுங்க, ஊதுங்க, ஊதுங்க, இன்னும், இன்னும்" என்றாள். ஊதினான். "போதும், நல்லா இருக்கு" என்றாள். இவர் என்னைப் பார்த்துப் புருவத்தைத் தூக்கினார். நான் தயார் பண்ணின ஆள் என்று அர்த்தம்.

பிறகு வாத்தியார் உட்கார்ந்தார். வயிற்றிலிருந்து இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். ஊதினார். இரண்டு எண்ணுவதற்குள் இருமல் வந்துவிட்டது.

"பரவாயில்லைங்க, இன்னொரு தடவை."

இன்னொரு தடவையும் அதே. மூன்றாவது தடவை கழுத்து நரம்பெல்லாம் புடைத்து முகம் கறுத்துவிட்டது. நான் கைப்பையின் வாரைப் பிடித்துத் திருகிக்கொண்டிருந்தேன். ஏழு சீடர்களும் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று பார்த்தார்கள்.

"மெஷினைப் பாருங்கம்மா, ஏதோ அடைச்சிருக்கு" என்றார்.

"மெஷின் சரியாத்தான் இருக்குங்க. இப்பத்தானே உங்களுக்கு முன்னாடி ஒருத்தர் நல்லா ஊதினாரு."

நான்கு நாள் கழித்து டாக்டர் கூப்பிட்டார். எங்கள் இருவரையும் உட்கார வைத்து, நெஞ்சுப் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார். மேல்பாதி முழுக்க வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். நான் தைத்திருக்கும் எந்தத் துணியிலும் அவ்வளவு நெருக்கமாகப் புள்ளி பார்த்ததில்லை.

"கல் தூசுங்க. உள்ள போய்த் தழும்பாயிடுச்சு. இனிமே நீங்க கல் வேலை பக்கமே போகக் கூடாது" என்றார் டாக்டர்.

இவர் அசரவில்லை. "இயற்கையா சுத்தம் பண்ண நான் நிறைய செஞ்சுட்டுத்தான் இருக்கேன் டாக்டர். இன்னும் என்ன சேத்துக்கலாம்?"

அந்த டாக்டர் நல்ல மனிதர். சிரிக்கவில்லை. "நுரையீரலுக்குத் தன்னையே சுத்தம் பண்ணிக்கத் தெரியும். சாதாரணத் தூசுன்னா சளியில ஒட்டவச்சு வெளிய தள்ளிடும். இது ரொம்ப நைஸான பொடி, அடி வரைக்கும் போய் உட்காந்துடுச்சு. நடங்க, மூச்சுப் பயிற்சி அளவாப் பண்ணுங்க, நல்லதுதான். மிச்சம் இருக்கறதை வச்சு ஓட்ட உதவும். ஆனா உள்ள போன கல்லை இஞ்சியும் கரைக்காது, ஆவியும் இழுக்காது. உள்ள போகாம பாத்துக்கறதுதான் இதுக்கு இருக்கற ஒரே இயற்கை வைத்தியம்."

நான்தான், "மத்தவங்களுக்கு?" என்று கேட்டேன். என் தம்பி என்று சொல்ல நாக்கு எழவில்லை.

"மத்தவங்க படத்துல இன்னும் எதுவும் தெரியலம்மா. இப்பவே தூசை நிறுத்தினா தப்பிச்சுக்கலாம். இன்னும் அஞ்சாறு வருஷம் இப்படியே போனா அவங்களும் இந்த நாற்காலிலதான் வந்து உட்காரணும்." பிறகு இவரைப் பார்த்தார். "தண்ணி விட்டுத்தானே அறுக்கணும்? குழாயை யாரு மூடச் சொன்னது, முதலாளியா?"

"யாரும் சொல்லல. நானாத்தான் மூடினேன்" என்றார் என் வீட்டுக்காரர்.

என் பக்கம் திரும்பவே இல்லை.

இப்போது சொல்லிவிடுகிறேன். எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். அப்போது அவர் குழாயைத் திறந்துதான் அறுத்துக்கொண்டிருந்தார். தினமும் தொப்பலாக நனைந்து வருவார், சட்டையெல்லாம் சேறு. துவைத்துத் துவைத்து என் கை வெந்தது. மழை மாதத்தில் ஒரு வாரம் இருமலும் காய்ச்சலுமாகப் படுத்தார். எழுந்து வேலைக்குப் போன முதல் நாளே மறுபடி நனைந்து வந்து நின்றார். வாசலிலேயே நிறுத்தினேன். "இன்னொரு நாள் நனைஞ்சுட்டு வந்தீங்க, உள்ள விடமாட்டேன். நெஞ்சுல சளி கட்டிச் செத்துப் போனீங்கன்னா நான் யாரோட வாழறது? அந்தக் குழாயை மூடித் தொலைங்க" என்று நாலு மாடிக்கும் கேட்கிற மாதிரி கத்தினேன். மறுநாள் காய்ந்த சட்டையோடு வந்தார். உதறினேன், தூசு பறந்தது, துவைப்பது சுலபமாயிற்று. என் பேச்சைக் கேட்கிற புருஷன் என்று பக்கத்து வீட்டுக்காரியிடம் பீற்றிக்கொண்டேன். குழாய், ஈரம், சளி, நுரையீரல் என்று அவர் கட்டின தத்துவத்துக்கெல்லாம் அடிக்கல் நான் போட்டது. பதினாறு வருஷம் அவரைக் கேலி செய்தேன், இதை மட்டும் ஒரு நாளும் நினைத்துப் பார்க்கவில்லை. ஊரை எடைபோடுகிற வாய்க்குத் தன் வார்த்தை மட்டும் ஞாபகம் இருக்காது போலிருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் அவர் இஞ்சி நசுக்கினார். கண்கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். அதைக்கூட நான் பொறுத்துக்கொண்டேன். பொறுக்க முடியாததை அந்த வார சனிக்கிழமை என் தம்பி வந்து சொன்னான். சட்டையில் வெள்ளைத் தூசு, தலையில் வெள்ளைத் தூசு.

"ஏண்டா, இன்னுமா குழாயைத் தொறக்கல?"

"எதுக்குக்கா? அந்த ஊதற மெஷினே கோளாறாம், மாமா டீக்கடைல எல்லார்கிட்டயும் சொல்லிட்டாரு. டாக்டரும் சின்ன வயசுக்காரரு, அவருக்கு என்ன அனுபவம் இருக்கும்? நாப்பது நாள் சாறு குடிச்சு மறுபடி ஊதிக் காட்டறேன்னு சவால் விட்டிருக்காரு. அதுக்குள்ள எதுக்குத் தண்ணி கிண்ணின்னு நனைஞ்சுக்கிட்டு?"

தன் நெஞ்சு போனது போகட்டும், வீம்புக்கு ஏழு நெஞ்சைப் பணயம் வைக்கிறாரே என்று ஆத்திரம் வந்தது. அந்த ஏழில் ஒன்று நான் சோறு ஊட்டி வளர்த்த நெஞ்சு. அவனைச் சாப்பிட்டுவிட்டுப் போ என்றுகூடச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. "நாளைக்குக் காலைல வா" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் முதல் ஞாயிற்றுக்கிழமை. தம்பி வந்ததும் வாத்தியாருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "நல்ல நேரத்துல வந்தே. உன் அக்கா கையாலயே அளந்து சொல்லட்டும், நீயே கேட்டுக்கோ. நெஞ்சு போனவனுக்கு இப்படி விரியுமான்னு பட்டறைல போய்ச் சொல்லு." சட்டையைக் கழற்றினார். விலா எலும்பு எண்ணுகிற மாதிரி தெரிந்தது. கழுத்துக்குக் கீழே குழி விழுந்திருந்தது.

டேப்பை எடுத்து முதுகைச் சுற்றிக் கொண்டுவந்தேன். மூச்சை விட்டார். முப்பத்தாறு இல்லை, முப்பத்து மூன்றரை. இழுத்தார். தோள் ஏறியது, வயிறு ஒட்டியது, கழுத்து நரம்பு புடைத்தது. என் விரல் பழக்கத்தில் நழுவப் பார்த்தது. இறுக்கிப் பிடித்தேன்.

"அரை" என்றேன்.

"என்ன அரை? ரெண்டரையா?"

"வெறும் அரை இஞ்ச்."

"டேப்பைச் சரியாப் புடி."

"இன்னைக்குத்தான் சரியாப் புடிச்சிருக்கேன்."

பிடித்த மூச்சு அவரை அறியாமல் வெளியே போனது. "போன மாசம் ரெண்டரைன்னியே?"

"பொய்."

"அதுக்கு முந்தின மாசம்?"

"அதுவும் பொய். நாலு வருஷமாப் பொய் சொல்லிட்டிருக்கேன். நீங்க சாப்பிடாம படுத்துட்டீங்களேன்னு ஆரம்பிச்சேன், அப்புறம் நிறுத்தத் தெரியல." தம்பி பக்கம் திரும்பினேன். "இதையும் கேட்டுக்கோடா. தண்ணி பட்டா சளி கட்டும், குழாயை மூடுங்கன்னு சொன்னது இந்த மனுஷன் இல்ல. நான். சட்டை துவைக்கறது கஷ்டமா இருந்துச்சு, கத்தினேன். அதைப் பெரிய வைத்தியம்னு நம்பித்தான் நீங்க ஏழு பேரும் கல்லை மூச்சா இழுத்துட்டிருக்கீங்க."

தம்பி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். இவர் நாற்காலியில் உட்கார்ந்தார். காலடியில் கிடந்த மஞ்சள் பலூன் நகர்ந்து சுவரோரம் போயிற்று.

"நான் சொன்னது உங்களுக்கு ஞாபகம் இருக்கா?" என்று கேட்டேன்.

"மறக்கற மாதிரியா கத்தினே?"

"அப்புறம் ஏன் டாக்டர்கிட்ட நானாத்தான் மூடினேன்னீங்க?"

"சொன்னது ஒரு நாள். மூடினது பதினாறு வருஷம். அது நான்தானே?" சட்டையைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டார். பொத்தானை மேலும் கீழுமாக மாற்றிப் போட்டார். நான் சரிசெய்யப் போனேன், கையைத் தட்டிவிட்டார். பிறகு விட்டுவிட்டார்.

அன்று ராத்திரி ஆவிப் பாத்திரம் அடுப்புக்குப் போகவில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

திங்கட்கிழமை காலை தம்பியோடு அவரும் கிளம்பினார். டாக்டர் போகக்கூடாதென்று சொன்ன இடம். நான் எனக்கு வைத்திருந்த மெல்லிய துண்டை மூன்றாக மடித்து மூக்கையும் வாயையும் சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டேன். அது போதாது என்று எனக்கும் தெரியும். விட்ட மூச்சையே திரும்ப இழுப்பதைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

பட்டறையில் நடந்ததைத் தம்பி சொல்லித்தான் தெரியும். மெஷின்கள் ஓட ஆரம்பிக்கும் முன்னாலேயே போய்விட்டார்களாம். இவர் பையிலிருந்து குறடு எடுத்து, துருப்பிடித்த குழாய்களை ஒவ்வொன்றாகத் திருகித் திறந்தார். தண்ணீர் வந்ததும் திறந்த நிலையிலேயே கைப்பிடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். நான்கு மெஷின், நான்கு கைப்பிடி. ஒருவர், "என்ன வாத்தியாரே, இப்ப சளி கட்டாதா?" என்று கேட்டாராம். மற்றவர்கள் சிரித்தார்கள். முதலாளி சேற்றைப் பார்த்துக் கத்தினார்.

"மெஷின்ல கோளாறு இல்ல. என் நெஞ்சு அரை இஞ்ச்தான் விரியுது. நான் சொன்னதெல்லாம் தப்பு" என்று இவர் முகத்துத் துண்டை விலக்காமலே சொன்னாராம். சிரிப்பு நின்றுவிட்டது.

மத்தியானம் அவர் திரும்பி வந்தார். இரண்டாவது மாடியில் நின்றார், மூன்றாவதிலும் நின்றார். எதிரே எலக்ட்ரீஷியன் வந்தார். இவர் குனியவில்லை, படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டே நின்றார். உள்ளே வந்து நான்கு கைப்பிடிகளையும் என் தையல் மெஷின்மேல் வைத்தார். நான் அவற்றைப் பொத்தான் டப்பாவில் போட்டு மூடினேன்.

சாயங்காலம் படியில் தடதடவென்று சத்தம். நாலு மாடியையும் ஓடியே ஏறி வந்து நின்றான் தம்பி. தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தான். சட்டையெல்லாம் சாம்பல் நிறச் சேறு. நான் துடைத்து வைத்திருந்த தரையில் சொட்டிக்கொண்டே மூன்று தும்மல் போட்டான்.

"அக்கா, துண்டு குடு. நெஞ்செல்லாம் ஊறிப்போச்சு. பாரேன், நாளைக்குச் சளி புடிக்கப் போகுது."

பதினாறு வருஷத்துக்கு முந்திய அதே வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதரைப் பார்த்தேன். அவரும் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"புடிச்சா புடிக்கட்டும்டா" என்று துண்டை எடுத்துக் கொடுத்தேன். "சளி ஒரு வாரத்துல போயிடும்."

அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிக்க மூச்சு போதவில்லை.